தாய்மார் இறப்பு: ஒதுக்கிய பணம் எந்த நேரத்தில் வந்து சேருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரும் நாடுகளில் பிரசவத்தை ஒட்டி நேரும் தாய் இறப்புகள் குறித்துச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். ஏழை நாடுகளின் அரசுகள் சுகாதாரத்துக்கு மிகக் குறைவாக ஒதுக்குவதே அந்த இறப்புகளுக்குக் காரணம் என்றும், ஒதுக்கீட்டை உயர்த்தினால் இறப்பு தானாகக் குறையும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதல் பாதியில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. 'தானாக' என்ற சொல்தான் உறுத்தியது. கிராம சுகாதார செவிலியராகவும் பின்னர் சமுதாய சுகாதார செவிலியராகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, ஓய்வுபெற்றுப் பெரம்பூரில் மகள் வீட்டில் இருக்கும் எனக்கு, அரசின் பணம் பிரசவ அறையின் வாசல்வரை வந்து உள்ளே வராமல் நின்றுவிட்ட இரவுகள் சில இன்னும் நினைவில் இருக்கின்றன. அதனால்தான் ஒரு கடிதத்துக்குரிய அளவைக் கடந்து எழுதத் துணிகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் 97 என்பது சரியான எண்ணே. ஆனால் கட்டுரையில் அச்சாகியிருந்ததுபோல அது 'ஒரு லட்சம் தாய்மார்களுக்கு' 97 இல்லை. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பதே அந்தக் கணக்கு. இதை நான் சொற்பிழை தேடிச் சொல்லவில்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் உள்ள ஆபத்தைத்தான் இந்த விகிதம் காட்டுகிறது. ஐந்து முறை கருவுறும் பெண் அந்த ஆபத்தை ஐந்து முறை கடந்து வர வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்தில் தாய் இறப்பு குறைந்ததில் மருத்துவமனைகளுக்குப் பங்கு இருப்பதைப்போலவே, ஐந்தாம் பிரசவமும் ஆறாம் பிரசவமும் அரிதாகிப் போனதற்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை எந்த ஆண்டின் சுகாதார ஒதுக்கீட்டிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பெண்கள் பள்ளிக்குப் போனதையும் திருமண வயது உயர்ந்ததையும் அங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, 42 நாள். கர்ப்ப காலத்தில் மட்டுமல்லாமல், கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள் அதன் தொடர்பாக நேரும் மரணமும் தாய் இறப்பாகவே கொள்ளப்படும். விபத்து போன்றவை சேரா. இந்த 42 நாள் நம் ஊர் வழக்கத்தோடு மோதுகிற இடம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது எளிதில் புலப்படாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்தகத்துக்குப் போகிறாள். அதுவரை அவளுடைய எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துவந்த செவிலியரின் பதிவேடு மாமியார் ஊரில் இருக்கிறது. பிரசவம் இன்னொரு மாவட்டத்தில் நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும்வரை அவளைப் போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்பதில், கைப்பேசி இல்லாத அந்தக் காலத்தில், இரண்டு செவிலியர்களுக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது. இப்போது கணினியில் ஒரே அடையாள எண் தொடர்கிறது என்பதால் பள்ளம் பெருமளவு தூர்ந்துவிட்டது. ஆனாலும் எண் ஊர் மாறுகிற வேகத்துக்கு வீடு தேடிப் போகிற ஆள் மாறுவதில்லை. பிரசவமான பத்தாம் நாள் காய்ச்சலோடு கிடக்கும் பெண்ணுக்குச் 'சூடு பிடித்திருக்கிறது' என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழைந்து, இது கிருமித்தொற்று என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவருடைய சம்பளம், பேருந்துக் கட்டணம், அவர் பார்க்க வேண்டிய மக்கள்தொகையின் அளவு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அங்கே 'சுகாதாரச் செலவு'.

பணம் இருந்தும் சேராமல் போவதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஊரின் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ நான் குறிப்பிடப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்று இல்லை. 1991-ஆம் ஆண்டு, மலையடிவாரக் கிராமம் ஒன்றில், இரண்டாம் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது, ஆனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை; உதிரப்போக்கு நிற்கவில்லை. கையில் இருந்த ஊசியைப் போட்டுவிட்டு, வயிற்றை அழுத்திப் பிடித்தபடி ஆரம்ப சுகாதார நிலையத்து ஜீப்புக்கு ஆள் அனுப்பினேன். ஜீப் இருந்தது, ஓட்டுநரும் இருந்தார், டீசல் இல்லை. முந்தைய மாதத்து டீசல் பில் பாஸ் ஆகாததால் பங்க்கில் கடன் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பால் வண்டி ஒன்றை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனோம். தாலுகா மருத்துவமனையில் ரத்தம் இல்லை என்று மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே அந்தப் பெண் இறந்துவிட்டாள். அந்த நிதியாண்டின் இறுதியில், வாகன எரிபொருளுக்கான கணக்குத் தலைப்பில் செலவாகாமல் மீந்த தொகை அரசுக்கே திருப்பி ஒப்படைக்கப்பட்டதாக ('சரண்டர்' என்பார்கள்) அதே அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். ஒதுக்கீட்டு அறிக்கையில் அந்த ஆண்டு எங்கள் பகுதிக்குப் பணம் குறைவு என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்; மீதம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

உதிரப்போக்கை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலக அளவில் தாய் இறப்புகளில் கால் பங்குக்கும் மேல் உதிரப்போக்கால் நேர்பவை. நேரடிக் காரணங்களில் அடுத்த இடம் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்துக்கும் அதனால் வரும் ஜன்னி எனும் வலிப்புக்கும். ஆரோக்கியமான பெண்ணைக்கூட இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடக்கூடியது பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு. ஆண்டு ஒதுக்கீடு, ஐந்தாண்டுத் திட்டம், நாட்டின் மொத்த உற்பத்தியில் இத்தனை சதவீதம் என்றெல்லாம் நாம் பேசுகிற கால அளவுகள் எதுவும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குவதில்லை. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மருந்தை வாங்கியாயிற்று, கணக்கில் ஏறியாயிற்று, ஆனால் மின்சாரம் போய்ப்போய் வந்த குளிர்சாதனப் பெட்டியில் அது வீரியம் இழந்து கிடந்தால், செலவு செலவாகத்தான் இருக்கும், மருந்து மருந்தாக இருக்காது.

2023-இல் வெளியான ஆய்வு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் அது நடந்தது. பிரசவித்த பெண்ணின் கீழே அளவுக்கோடுகள் அச்சிட்ட எளிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வைத்து, வடியும் ரத்தத்தைக் கண்ணளவாக அன்றி அளந்தே பார்த்து, அளவு மிஞ்சியதும் செய்ய வேண்டிய சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. பழைய சேலைத் துணியில் ஊறிய ரத்தத்தைப் பார்த்து 'கொஞ்சம்தான் போயிருக்கிறது' என்று நாங்கள் எத்தனை முறை ஏமாந்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தபோது, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த விரிப்பு விலை அதிகமான பொருள் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, நள்ளிரவிலும் விழித்திருக்கிற, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர்தான் விலை அதிகம்.

கட்டுரையாளர் ஆப்பிரிக்காவைக் குறிப்பிட்டிருந்தார். உலக சுகாதார அமைப்பு உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலகெங்கும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். நைஜீரியாவில் மட்டும் சுமார் 75,000 பேர். 2001 ஏப்ரலில் ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் கூடி, தத்தம் நிதிநிலை அறிக்கையில் குறைந்தது 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி எடுத்த இடம் அந்த நைஜீரியாவின் தலைநகரான அபுஜாதான். பெரும்பாலான நாடுகள் அந்த இலக்கை எட்டவில்லை என்பதைக் கட்டுரையாளர் சரியாகவே சுட்டியிருந்தார். அவர் சொல்லாமல் விட்டது, நைஜீரியாவில் நடக்கும் மொத்த மருத்துவச் செலவில் முக்கால் பங்கு அளவுக்கு மக்கள் தங்கள் கைக்காசைக் கொடுக்கிறார்கள் என்பதே. பிரசவ வலி கண்ட பெண்ணின் கணவன் முதலில் பணம் புரட்டப் போகிறான், பிறகுதான் வண்டிக்குப் போகிறான். அந்த நாட்டில் செலவே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. செலவு தவறான கையிலிருந்து, தவறான நேரத்தில் நடக்கிறது.

ருவாண்டாவைப் பாருங்கள். 1994-இன் இனப்படுகொலையில் நொறுங்கிப்போன நாடு அது. 2000-ஆம் ஆண்டு அங்கே எடுத்த கணக்கெடுப்பில் தாய் இறப்பு விகிதம் 1,071. 2014-15 கணக்கெடுப்பில் 210. நைஜீரியாவைவிடப் பணக்கார நாடாகி அவர்கள் இதைச் செய்யவில்லை. கிராமந்தோறும் சுகாதாரப் பணியாளர்களை அமர்த்தி, அவர்களில் ஒருவரைத் தாய்மாருக்கென்றே ஒதுக்கி, பெரும்பாலான மக்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்து, வாசலில் கேட்கும் பணத்தைக் குறைத்தார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை இருக்கிறது. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற, அங்குள்ள தமிழர்கள் மருத்துவமாது என்று அழைக்கும் பணியாளர்களை ஊர் ஊராக அமர்த்தி, அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை அளித்து, 1930-களில் 2,000-ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு விகிதத்தை அந்த நாடு 2020-இல் 30-க்கும் கீழே கொண்டுவந்தது. உள்நாட்டுப் போர், பொருளாதார நெருக்கடி எல்லாம் நடுவில் வந்துபோயின. தன் உற்பத்தியில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் மருத்துவத்தில் கொட்டும் அமெரிக்காவிலோ, கொரோனா ஆண்டான 2021-இல் அந்நாட்டு அரசே வெளியிட்ட விகிதம் 32.9. கறுப்பினத் தாய்மாரிடையே அது 69.9. இரு நாடுகளின் கணக்கெடுக்கும் முறைகள் வேறு என்பதால் எண்ணுக்கு எண் வைத்துப் பார்ப்பது முழுக்கச் சரியில்லை என்பதை அறிவேன். மறு ஆண்டே அமெரிக்காவின் எண் 22.3 ஆகக் குறைந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எவ்வளவு குறைத்துப் பார்த்தாலும், அவ்வளவு செலவுக்கு அது பெரிய எண்தான்.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். 2001-03-இல் தமிழ்நாட்டின் விகிதம் 134, இந்தியாவுடையது 301. 2018-20-இல் நம்முடையது 54. அதே காலத்தில் கேரளம் 19-இல் நின்றது, அசாம் 195-இல் நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் நான் கண்ணால் கண்ட மாற்றங்கள் மூன்றைச் சொல்வேன். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கிடங்குகளில் வைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குள் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. அதற்குமுன் மேலிருந்து என்ன வருகிறதோ அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இருமல் மருந்து மலையாகக் குவிந்திருக்கும், வேண்டிய ஊசி இருக்காது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை மாற்றி அமர்த்தி, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கினார்கள். இரவு ஒரு மணிக்கு விளக்கு எரிகிறது என்ற செய்தி பரவியதும், வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எங்கள் வற்புறுத்தல் இல்லாமலே வரத் தொடங்கின. சிக்கலான பிரசவத்துக்கு அறுவைச் சிகிச்சையும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கும்படி சீமாங்க் மையங்கள் வந்தன. 2008-இல் 108 வந்தது. என் 1991-ஆம் ஆண்டு ஜீப்பை நினைத்துக்கொண்டு, அந்த வண்டி முதன்முதலாக எங்கள் ஊருக்குள் வந்து நின்றபோது நான் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியையும் சொல்லத்தான் வேண்டும். 1987-இல் தொடங்கிய அத்திட்டத்தின் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. தேர்தல் மேடைகளில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். அதன் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண் கடைசி மாதங்களில் வீட்டில் இருக்க அது உதவியது. ஆயினும், எல்லாவற்றுக்கும் மேலாக உதவியது எதுவென்று என்னைக் கேட்டால், பெயரே இல்லாத அந்த மூன்றாவது செவிலியர் பணியிடத்தைத்தான் சொல்வேன்.

அதனால்தான் இப்போதைய போக்கு ஒன்று கவலை தருகிறது. செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்து, நிரந்தரம் செய்யாமல் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கிறோம். கணக்கில் பணியிடம் நிரம்பியதாகவே தெரியும். ஆனால் சம்பளம் போதாமலும் எதிர்காலம் தெரியாமலும் வேலை பார்க்கிற பெண், வெளிநாட்டு வாய்ப்பு வந்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்துக்கு வருகிற புதியவர், மக்னீசியம் சல்பேட்டை எப்போது, எவ்வளவு போட வேண்டும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பார், ஜன்னி கண்டு வெட்டி இழுக்கும் ஒரு பெண்ணை நேரில் கண்டிருக்க மாட்டார். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அந்த மலிவான மருந்து ஜன்னி வரும் ஆபத்தைப் பாதியாக்குகிறது என்று நிறுவியது. மலிவான மருந்துகளுக்கெல்லாம் இப்படித்தான், நிலைத்து நிற்கிற ஒரு கை வேண்டியிருக்கிறது.

நாடு தழுவிய கணக்கிலும் கட்டுரையாளர் ஒன்றை விட்டுவிட்டார். 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவதாகச் சொன்னது. 2021-22-இல் அது 1.84 சதவீதம். இதை அவர் எழுதியிருந்தார். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுப்பது 2014-15-இல் 62.6 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 ஆனதையும் எழுதியிருந்தால், படிப்பவருக்கு இன்னொரு பக்கமும் தெரிந்திருக்கும். முப்பத்தொன்பது சதவீதமும் பெரிய சுமைதான். தனியார் மருத்துவமனையில் அந்தச் சுமை எதற்குப் போகிறது என்பதும் கேட்கத்தக்கது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்; இந்தியச் சராசரி 21.5. மக்கள்தொகை அளவில் பார்க்கும்போது இந்த விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய் இறப்பு குறைவதோடு அதற்குத் தொடர்பு இல்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. செலவு கூடுகிறது, உயிர்ப் பாதுகாப்பு அதற்கேற்பக் கூடுவதில்லை. அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து மட்டும் கூடுகிறது. அதே கணக்கெடுப்பில் நம் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை. அறுவை அரங்குக்குப் பணம் புரட்டுகிற நாம் இரும்புச்சத்து மாத்திரையை அவள் உண்மையில் விழுங்கினாளா என்று பார்க்க ஆள் வைப்பதில் கஞ்சத்தனம் காட்டுகிறோம்.

கடைசியாக, தாய் இறப்புத் தணிக்கை. நம் மாநிலத்தில் ஒவ்வொரு தாயின் இறப்பையும் பதிவு செய்து காரணம் விசாரிக்கும் நடைமுறை 1990-களிலிருந்து இருக்கிறது; உலகின் பல ஏழை நாடுகளில் இறந்தவர் எத்தனை பேர் என்பதையே மதிப்பீடாகத்தான் சொல்ல முடிகிற நிலையில், இது பெரிய காரியம். அந்தக் கூட்டங்களில் நானும் கைகட்டி நின்றிருக்கிறேன். நல்ல அதிகாரி அமைந்த ஆண்டுகளில், வண்டி ஏன் தாமதமானது, ரத்தம் ஏன் இல்லை, அந்த இரவு பணியில் யார் இருந்திருக்க வேண்டும் என்று கேள்விகள் போயின. மற்ற ஆண்டுகளில் கேள்வி 'யார் மீது மெமோ' என்பதில் முடிந்தது. அடுத்த முறை விவரங்களை மழுப்பி எழுதக் கற்றுக்கொண்டவர்களை நான் அறிவேன். இந்தத் தணிக்கைகளின் முடிவுகளை, பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிவிட்டு, மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடலாம். அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது.

அடுத்த நிதிநிலை அறிக்கையின்போது தங்கள் நிருபர்கள் சுகாதாரத் துறையின் மொத்தத் தொகையோடு சேர்த்து, சென்ற ஆண்டு எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு திரும்பிப் போனது, இரவு முறைக்கான செவிலியர் பணியிடங்களில் எத்தனை காலி, எத்தனை தாலுகா மருத்துவமனைகளில் ரத்தச் சேமிப்பு அறை உண்மையில் இயங்குகிறது என்பவற்றையும் கேட்டு எழுதினால், என்னைப் போன்ற வாசகர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வோம். 'ஒரு லட்சம் தாய்மார்களுக்கு' என்ற பிழைக்கான திருத்தத்தை வெளியிடும்போது, 42 நாள் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைபெற்ற பெண் இருக்கும் வீடுகளுக்கும் தங்கள் நாளிதழ் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர்,
பெரம்பூர், சென்னை - 11.